கண்ணால் டம்ளரைக் கவிழ்த்த சிறுமி! மனதின் மாயசக்தியைக் குழந்தைகளுக்குக் கதையாக்குவது எப்படி?

ஐந்தரை வயதுச் சிறுமி அவள். செய்யாத தப்புக்காகத் தலைமையாசிரியை அவளை நிற்கவைத்துக் கத்துகிறார். வகுப்பே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் இன்னும் கெடுதல். அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். தலைமையாசிரியையின் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளரை முறைத்துப் பார்க்கிறாள். கண்ணுக்குள் சூடு ஏறுகிறது. டம்ளர் லேசாக ஆடுகிறது, சாய்கிறது. உள்ளே தோழி ஒருத்தி குறும்பாகப் போட்டுவைத்திருந்த பல்லி மாதிரியான நீர்ப்பிராணியோடு சேர்த்து, தண்ணீர் முழுக்கத் தலைமையாசிரியையின் மேல் கொட்டுகிறது!

ரோல்ட் டால் எழுதி 1988-ல் வெளியான 'மட்டில்டா' நாவலில் வரும் காட்சி இது. படித்த குழந்தைகளில் பெரும்பாலானோர் அன்று ராத்திரியே வீட்டில் ஏதாவது ஒரு டம்ளரை முறைத்துப் பார்த்திருப்பார்கள். பெரியவர்களும்தான், வெளியில் சொல்வதில்லை.

மனதுக்குள் ஒளிந்திருக்கும் சக்தி என்பது குழந்தைக் கதைகளில் என்றைக்குமே ஹிட் சப்ஜெக்ட். நம் வீடுகளில் பாட்டிகள் சொன்ன சித்தர் கதைகளிலிருந்து, எதிரியை மயக்கிய காமிக்ஸ் ஹீரோ மாண்ட்ரேக், தொண்ணூறுகளின் சக்திமான், 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்தின் நோக்குவர்மம் வரை எல்லாமே ஒரே குடும்பம். ஆனால் இதை எழுதுவது பார்க்கிற அளவுக்கு ஈஸி இல்லை. டாலுக்கே முதல் முயற்சியில் அமையவில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் மட்டில்டா நல்ல பெண்ணே இல்லை!

இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்தில், தன் வீட்டுத் தோட்டத்துக் குடிசையில் உட்கார்ந்துதான் டால் எழுதுவார். பழைய சாய்வு நாற்காலி, மடியில் ஒரு பலகை, மஞ்சள் நிறத் தாள், கூராகச் சீவிய பென்சில்கள். டைப்ரைட்டர் பக்கமே போகமாட்டார். 'மட்டில்டா' வெளியானபோது அவருக்கு வயது 72.

அந்தக் குடிசையில் எழுதிய முதல் வரைவில் மட்டில்டா பிறவியிலேயே பொல்லாத குழந்தை. அப்பா அம்மாவைப் பாடாய்ப் படுத்துகிறவள். அவளிடம் அன்பாக இருக்கும் ஆசிரியைக்கு வேறு பெயர், வேறு குணம். அவர் சூதாட்டத்தில் கடனாளி ஆனவர். மட்டில்டா தன் மனசக்தியால் குதிரைப் பந்தயத்தின் முடிவையே மாற்றி அவரைக் கடனிலிருந்து காப்பாற்றுகிறாள்.

படித்துப் பார்த்த எடிட்டர் ஸ்டீபன் ராக்ஸ்பரோவுக்குத் திருப்தி இல்லை. நீளமாகக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். மாதக்கணக்கில் உழைத்த வரைவை ஓரம் வைத்துவிட்டு, கதையை மறுபடி எழுதினார் டால். (பின்னால் இருவருக்கும் ஒப்பந்த விஷயத்தில் மனக்கசப்பு வந்து, புத்தகம் வேறு பதிப்பகத்துக்குப் போனது தனிக் கதை.)

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். இரண்டிலும் சக்தி ஒன்றுதான், கண்ணால் பொருளை நகர்த்துவது. மாறியது, அந்தச் சக்தி யாருக்கு, எதற்குத் தேவைப்படுகிறது என்பது. ஆசிரியையின் சூதாட்டக் கடன் பெரியவர்களின் தலைவலி. எட்டு வயதுக் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது? 'நான் செய்யவே இல்லை, ஆனால் என்னைத்தான் திட்டுகிறார்கள்' என்பது அப்படியல்ல. அது உலகத்தில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.

டாலுக்கும் நடந்தது. கார்டிஃப் பக்கம் லாண்டாஃப் பள்ளியில் படித்தபோது, மிட்டாய்க் கடை ஜாடிக்குள் செத்த எலியைப் போட்டதற்காகப் பிரம்படி வாங்கியதை 1984-ல் வெளியான 'பாய்' என்ற சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவர் நிரபராதி இல்லை என்பது உண்மை. ஆனால் அடித்த கையை மறக்கவில்லை. 1966-ல் வந்த 'தி மேஜிக் ஃபிங்கர்' கதையிலும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கோபம் தலைக்கேறும்போதுதான் விரலில் சக்தி பிறக்கிறது. மந்திரக்கோல், தேவதை வரம் எதுவும் கிடையாது. அடக்கிவைத்த கோபம்தான் கரன்ட்.

சக்தி வருவது முக்கியமில்லை... போவதுதான்!

மட்டில்டாவுக்கு டம்ளர் ஒருமுறை தானாகச் சாய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு டால் செய்வதுதான் கைதேர்ந்த வேலை. அவளைப் பிராக்டிஸ் செய்ய வைக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அப்பாவின் சுருட்டு ஒன்றை மேஜையில் வைத்து, நாள்கணக்கில் முறைத்து முறைத்து அதை அந்தரத்தில் தூக்கப் பழகுகிறாள். களைத்துப்போகிறாள். கணக்கு வாய்ப்பாடு மாதிரி மாயமும் பழகினால்தான் வரும். இந்த இரண்டு பக்கம் இல்லையென்றால், கடைசியில் சாக்பீஸ் தானாக எழுந்து கரும்பலகையில் எழுதும்போது அது வெறும் வித்தையாகத்தான் இருந்திருக்கும். அவள் சுருட்டோடு போராடியதைப் பார்த்திருப்பதால் நமக்கும் கை வியர்க்கிறது.

பிறகு அவளைப் பெரிய வகுப்புக்கு மாற்றுகிறார்கள். மூளைக்கு ஏற்ற வேலை கிடைக்கிறது. ஒருநாள் எதையோ கண்ணால் நகர்த்திப் பார்க்கிறாள், முடியவில்லை. சக்தி போய்விட்டது. இத்தனை நாள் வேலையில்லாமல் உள்ளேயே கொதித்துக்கொண்டிருந்த மூளைதான் கண் வழியாக வெளியே வந்தது, இப்போது அதற்கு வேலை இருக்கிறது என்று ஆசிரியை மிஸ் ஹனி விளக்கம் சொல்கிறார். மட்டில்டாவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

இதை எத்தனை எழுத்தாளர்கள் செய்வார்கள்? சக்தி கிடைத்த குழந்தையை சூப்பர் ஹீரோ ஆக்கி, இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று இழுப்பதுதான் வழக்கம். டால் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மூடும் குழந்தை தன் கையில் ஏதோ குறைகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. மட்டில்டாவும் இப்போது நம்மைப்போலத்தான்.

டால் மனிதராக அப்படியொன்றும் மென்மையானவர் இல்லை. யூதர்களைப் பற்றி அவர் பேசிய வெறுப்புப் பேச்சுக்காக 2020-ல் அவர் குடும்பத்தினரே மன்னிப்புக் கேட்டார்கள். அவரைக் கும்பிட வேண்டியதில்லை. இந்தக் கதையின் கட்டுமானத்தை மட்டும் கடன் வாங்கலாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்த காஷ்மீர்க்காரர்

மனசக்தி பற்றிய டாலின் ஆர்வத்துக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. ஜம்மு பக்கம் அக்னூரில் பிறந்த குதா பக்ஷ் என்ற மேடை வித்தைக்காரர். கண் மேல் மாவு உருண்டையை அப்பி, பஞ்சு வைத்து, துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்ட பிறகும் புத்தகம் படிப்பார். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். 1935-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் முன்னிலையில் தீமிதித்தும் காட்டினார். அங்கே அது பெரிய அதிசயம். ஆடி மாதம் எந்த ஊர் மாரியம்மன் கோயிலிலும் பூக்குழி பார்த்த நமக்கு, 'அதுக்கென்ன இப்போ?' என்றுதான் தோன்றும். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படும் நேரமும் மிகக் குறைவு என்பதை அந்த ஆராய்ச்சியாளர்களும் கவனித்தார்கள்.

1950-ல் அமெரிக்க டி.வி-யில் அவருக்குத் தனி நிகழ்ச்சியே வந்தது. பெயர் 'குதா பக்ஷ், ஹிந்து மிஸ்டிக்'. அவரோ முஸ்லிம்! இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் ஹிந்து யோகி என்று போஸ்டர் ஒட்டினால் டிக்கெட் விற்ற காலம் அது.

இவரைப் பற்றி டால் 1952-ல் 'ஆர்கஸி' இதழில் கட்டுரை எழுதினார். விஷயம் மண்டைக்குள்ளேயே கிடந்தது போலும். 25 வருடம் கழித்து, 1977-ல் வந்த 'தி வொண்டர்ஃபுல் ஸ்டோரி ஆஃப் ஹென்றி சுகர்' கதையில் குதா பக்ஷ், இம்ரத் கான் ஆனார். மெழுகுவத்திச் சுடரைப் பார்த்து மனதைக் குவிக்கும் அவரின் பயிற்சியை, வேலைவெட்டி இல்லாத பணக்காரர் ஹென்றி ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் படிக்கிறார். சீட்டுக்கட்டின் முதுகைப் பார்த்தே உள்ளே என்ன சீட்டு என்று சொல்ல முடிந்தால் கேசினோவில் அள்ளலாமே என்று மூன்று வருடத்துக்கும் மேல் பயிற்சி எடுக்கிறார். அள்ளவும் செய்கிறார். ஆனால் அத்தனை வருடம் மனதைக் குவித்த மனிதருக்குப் பணத்தில் ருசி போய்விடுகிறது. வெஸ் ஆண்டர்சன் இயக்கத்தில் 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் குறும்படமாக வந்து, அடுத்த வருடம் ஆஸ்கரும் வாங்கியது. படத்தில் இம்தாத் கான் என்ற பெயரில் அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பென் கிங்ஸ்லி.

குதா பக்ஷ் எப்படிப் பார்த்தார்? மேஜிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பரம ரகசியம் இல்லை. மூக்கு இருக்கும்வரை, கண்ணில் எதைக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் சின்ன இடைவெளி விழும். அதன் வழியாகக் கீழே பார்க்கலாம். எவ்வளவு கட்டினாலும் அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் கலை. இன்னொரு விஷயம் மனதை என்னவோ செய்கிறது. கண் இல்லாமலே பார்ப்பவர் என்று உலகம் கொண்டாடிய அந்த மனிதர், கடைசிக் காலத்தில் க்ளாக்கோமா நோயால் நிஜமாகவே பார்வையை இழந்தார். 1981-ல் இறந்தார்.

கதை எங்கே முடிகிறது, பொய் எங்கே தொடங்குகிறது?

மேடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு செய்தால் அது கலை. அதே வித்தையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து, 'இது உன் மூளையின் சக்தி' என்று பெற்றோரிடம் ஃபீஸ் வாங்கினால்?

சில வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டின் ஊர்கள் பலவற்றில் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' போர்டுகள் தொங்கின. சில நாள் வகுப்பு, காதில் ஒரு மியூசிக், பல ஆயிரம் ரூபாய் கட்டணம். முடிவில் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும், கலர் சொல்லும். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்தார்கள். மூக்கோர இடைவெளியை முழுசாக அடைத்தாலோ, அட்டையை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தாலோ வாசிப்பு நின்றுவிடும். மூளையில் மிட்பிரெயின் என்ற பகுதி இருப்பது நிஜம். கண் அசைவு, கேட்டல் போன்ற வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்ததிலிருந்தே அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் வந்து ஆன் செய்ய வேண்டியதில்லை.

இதில் பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் குழந்தையின் இடத்தில் நின்று பாருங்கள். துணிக்கு அடியில் எட்டிப் பார்த்துத்தான் படிக்கிறோம் என்று அதற்குத் தெரியும். எதிரே அம்மா கண் கலங்கக் கைதட்டுகிறாள். அப்பா வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார். இனி எப்படி உண்மையைச் சொல்வது? 'எனக்குத் தெரியலைப்பா' என்று சொல்லும் தைரியம் எத்தனை குழந்தைக்கு வரும்? அடுத்த கல்யாண வீட்டில், 'எங்கே, மாமாவுக்குப் படிச்சுக் காட்டு' என்பார்கள். ஏழு வயதில் சுமக்க ரொம்பப் பெரிய மூட்டை அது.

மனசக்திக் கதை எழுத உட்காருகிறவர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மட்டில்டாவைப் படிக்கும் குழந்தைக்கு அது கதை என்று தெரியும். முறைத்துப் பார்ப்பான், டம்ளர் அசையாது, சிரித்துவிட்டுப் போவான். ஆனால் 'நம்பிக்கை மட்டும் இருந்தால் உன்னாலும் முடியும்' என்று கதைக்குள் ஒரு வரி எழுதிவிட்டால், டம்ளர் அசையாதபோது குழந்தை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். தன் நம்பிக்கை போதவில்லை என்று நினைக்கும்.

சக்திமானை ஞாபகம் இருக்கிறதா? 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகனுக்கு, தியானம் செய்து ஏழு சக்கரங்களை எழுப்பியதால் சக்தி கிடைத்தது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்து, நாடே பதறியது. நாயகனாக நடித்த முகேஷ் கன்னா திரையில் தோன்றி, 'இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள்' என்று குழந்தைகளிடம் பேச வேண்டியிருந்தது.

இந்த வகைக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் இன்னொரு சரக்கு, 'நாம் மூளையில் 10 சதவிகிதம்தான் பயன்படுத்துகிறோம்' என்பது. சுத்தப் பொய். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் உடலின் சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவிகிதத்தை அதுதான் செலவழிக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு சாப்பாடு போடாது. கதைக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் மட்டில்டா மாதிரி கற்பனையாகவே ஒன்றைச் சொல்லிவிடலாம். அறிவியல் வேஷம் போட வேண்டாம்.

நிஜத்திலேயே நிறைய இருக்கிறதே!

மாயமே இல்லாமலும் இந்தக் கதையை எழுதலாம். நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார். நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம்! முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும், மணி எத்தனை முறை அடித்தது என்று சொல்ல வேண்டும், கணக்குப் போட வேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் பாட வேண்டும். 2008-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். ஒரு பத்து வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்கிறான், வீட்டுக்கு வந்து இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் கவனிக்கப் பழகுகிறான், சாம்பார் தீய்ந்துபோய் உதை வாங்குகிறான் என்று தொடங்கினால் கதை தானாக ஓடும்.

குழந்தைகளுக்கு எழுதும்போது சக்தியைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. மலையைத் தூக்கும் பெண்ணைவிட, டீச்சர் மேஜையில் இருக்கும் ஹாஜர் புத்தகத்தை ஒரு விரற்கடை நகர்த்தும் பெண்தான் படிக்கும் குழந்தைக்கு நெருக்கம். என்ன முடியாது என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. மழை பெய்தால் வேலை செய்யாது, பொய் சொன்ன நாளில் வராது, ஒருமுறை செய்தால் பயங்கரமாகப் பசிக்கும் என்று ஏதாவது. எல்லாம் முடியும் என்றால் கதையில் பயமே இருக்காது. எழுதியதைக் குழந்தைகளிடம் சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும், எங்கே நெளிகிறார்களோ அங்கே வெட்டிவிடலாம்.

'கண் இல்லாமல் பார்ப்பது' என்ற குதா பக்ஷின் வித்தையேகூட நிஜமாக ஒருவரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேனியல் கிஷ். புற்றுநோயால் 13 மாதக் குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கண்களையும் இழந்தவர். நாக்கைச் சொடுக்கி 'டக்' என்று ஒலி எழுப்பி, அது திரும்பி வருவதை வைத்து எதிரே மரமா, சுவரா, நிற்கும் காரா என்று சொல்கிறார். வௌவால் செய்யும் அதே வேலை. சைக்கிளும் ஓட்டுவார். மூக்கோரத்தில் எந்த இடைவெளியும் இல்லை. இப்படிப் பழகிய பார்வையற்றவர்கள் இருவரை வைத்து 2011-ல் நடத்திய ஆய்வில், எதிரொலியைக் கேட்கும்போது அவர்கள் மூளையில் பார்வைக்கான பகுதி வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. பல வருடப் பழக்கத்தில் வந்த திறமை. கிஷ் இதைப் பார்வையற்ற குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார்.

இதன் முதல் பாடத்தை உங்கள் வீட்டுக் குட்டீஸோடு இன்றைக்கே செய்து பார்க்கலாம். அறையில் டி.வி-யையும் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல் 'ஷ்ஷ்ஷ்' என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாப்பாட்டுத் தட்டை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், பிறகு விலக்குங்கள். தட்டு வந்ததும் சத்தம் மாறும். எப்போது வந்தது, எப்போது போனது என்று அவர்கள் கைதூக்கிச் சொல்ல வேண்டும். பத்துக்கு எத்தனை சரி என்று எழுதிவைத்துக்கொண்டு, அப்பா, அம்மா, தாத்தா என்று எல்லோரும் ஒரு ரவுண்ட் முயன்று பாருங்கள். ஒரு கண்டிஷன், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது!